கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரிய வேண்டும்: பைனாகுலர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கியதும் எங்கள் பக்கத்து நடைபாதைக் கடைகளில் பைனாகுலர்கள் தொங்க ஆரம்பித்துவிடும். இமயமலைப் பக்கத்திலிருந்து பறவைகள் நுவரெலியாவுக்கு வந்து தங்குவதும் இதே மாதங்களில்தான். அதனால் என்னிடம் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்த நாட்களில் என்னைக் கண்டால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், எத்தனை மடங்கு வாங்கினால் நல்லது? 20 போதுமா, 30 வேணுமா?"

எத்தனை மடங்கு என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள்தான் இதனால் அதிகம் ஏமாறுகிறார்கள். அதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். பணம் கொடுத்து வாங்குகிற சாமான் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 10×42 என்று எழுதியிருந்தால் 10 என்பது உருப்பெருக்கம். 300 மீற்றரில் இருக்கும் மரை 30 மீற்றரில் நிற்பது போலத் தெரியும். 42 என்பது முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவது எண்ணை முதலாவது எண்ணால் வகுத்தால் 4.2 வரும். கண் வைக்கும் பக்கத்தில் வெளியே வரும் ஒளி வட்டத்தின் அகலம் அது. 8×42 என்றால் அந்த வட்டம் 5 மி.மீற்றருக்குச் சற்று மேல். 10×25 என்றால் வெறும் 2.5. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியே இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும், எனவே நடுப்பகலில் சிறிய வட்டமும் போதும். ஆனால் விடியற்காலையிலும் மாலை மங்கலிலும் வட்டம் பெரிதாக இருந்தால்தான் காட்சி தெளியும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையில் அரெங்கா குளத்தருகே, இலங்கைக்கே உரிய சீழ்க்கைப் பூங்குருவியைத் தேடிக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் கருநீலப் பறவை வெளியே வருவது பெரும்பாலும் அரை இருட்டில்தான். அந்த நேரத்தில் 8×42 காட்டுவதைச் சிறிய 10×25 காட்டாது.

நடைபாதையில் விற்கும் கைக்கடக்கமான "30×60" பைனாகுலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவிலும் பகலிலும் தெரியும் என்று பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். அதன் முன்வில்லையில் பாடசாலை அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள், 60 மி.மீற்றருக்குக் கிட்டவும் வராது. பிறகு அதைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்து, பின்பக்கம் தெரியும் ஒளி வட்டத்தை அளந்து பாருங்கள். (சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே வேண்டாம். பைனாகுலரால் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.) முன்வில்லையின் அகலத்தை அந்த வட்டத்தின் அகலத்தால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் ஏறத்தாழ வந்துவிடும். 30 என்று போட்ட பெட்டிக்குள் 30 இருக்காது. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். வகுப்பில் செய்ய வைத்திருக்கிறேன். வில்லையில் சிவப்புப் பூச்சு மின்னினால் அது உயர்ந்த சாமான் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அதனால் காட்சி பச்சையும் நீலமுமாக மங்கிப்போகும். அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பைனாகுலரின் பின்வில்லைக்கும் நம் கண்ணுக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கண் இருந்தால்தான் வட்டமான காட்சி முழுவதும் தெரியும். அதற்கு அப்பால் கண் விலகினால் நடுப்பகுதி மட்டும் தெரியும், ஓரமெல்லாம் போய்விடும், சாவித்துவாரத்தால் அடுத்த அறையைப் பார்க்கிற மாதிரி. இந்தத் தூரத்தை "ஐ ரிலீஃப்" என்று விவரத் தாளில் மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு 10, 12 மி.மீ. போதும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்குப் போதாது. கண்ணாடியின் வில்லையே கண்ணிலிருந்து 12 மி.மீ. அளவு தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் தடிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே 15, 16 என்பது கண்ணாடிக்காரருக்குக் கடைசி எல்லை. 17, 18 இருந்தால் சிரமமே இல்லாமல் பார்க்கலாம்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கம்பனிகள் இந்தத் தூரத்தைப் பெரும்பாலும் வில்லையின் மேற்பரப்பிலிருந்துதான் அளக்கின்றன. ஆனால் வில்லை உள்ளே பதிந்திருக்கும், அதைச் சுற்றி ரப்பர் வளையம் நிற்கும். நம் மூக்குக்கண்ணாடி முட்டுவது அந்த வளையத்தில். வளையத்தை முழுவதும் கீழே இறக்கினாலும் இரண்டு மூன்று மி.மீ. அங்கேயே போய்விடும். தாளில் 16 என்று இருப்பது கையில் 13 ஆவது இப்படித்தான். எனவே எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, கண்ணில் வைத்தும் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் சொன்னால் எளிதாக விளங்கும். நிக்கோன் கம்பனியின் இரண்டு 10×50 பைனாகுலர்கள்: ஒன்று அக்கியுலோன், மற்றது அக்ஷன் இஎக்ஸ். இரண்டும் 10 மடங்கு, இரண்டுக்கும் 50 மி.மீ. முன்வில்லை, இரண்டின் பார்வைப் புலமும் 6.5 பாகை. அதாவது 1000 மீற்றர் தூரத்தில் 114 மீற்றர் அகலம் தெரியும். மேலோட்டமாகப் பார்த்தால் விலை குறைந்ததை வாங்குவதுதான் புத்தி என்று தோன்றும். ஆனால் அக்கியுலோனின் ஐ ரிலீஃப் 11.8 மி.மீ., அக்ஷன் இஎக்ஸின் ஐ ரிலீஃப் 17.2 மி.மீ. கண்ணாடி போடாத ஒருவருக்கு முதலாவது நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். என்னைப் போன்ற கண்ணாடிக்காரருக்கு அந்த 114 மீற்றரில் ஓரங்கள் கிடைக்கவே கிடைக்காது. இந்த வித்தியாசம் பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எண்களில் எங்கேயும் இல்லை.

உருப்பெருக்கம் கூடும்போது இது ஏன் இன்னும் சிக்கலாகிறது என்று விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். பொருள்வில்லையின் (அதாவது முன்வில்லையின்) குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் (கண் வைக்கும் பக்கத்து வில்லைத் தொகுதியின்) குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். பொருள்வில்லை 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மடங்குக்கு 20 மி.மீ. பார்வைத்துண்டு வேண்டும், 20 மடங்குக்கு 10 மி.மீ. வேண்டும். சாதாரணமாக அமைத்த பார்வைத்துண்டில் குவியத்தூரம் குறையும்போது கண் வைக்கும் தூரமும் கூடவே குறையும். அதைக் குறையவிடாமல் காக்க, கூடுதலான வில்லைகளும் அகலமான பின்வில்லையும் போட வேண்டும். அதனால் பாரமும் கூடும், விலையும் கூடும். ஆகவே மலிவான பைனாகுலர் ஒன்று 20 மடங்கு என்று சொன்னால், கண்ணாடி போட்டவர் உடனே சந்தேகப்பட வேண்டும்.

"அப்படியானால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமே" என்பார்கள். சிலருக்கு அது சரிவரும். வாசிக்க மட்டும் கண்ணாடி போடுபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, கழற்றிவிடலாம். வெறும் மைனஸ் அல்லது பிளஸ் பவர் மட்டும் உள்ளவர்கள் ஃபோகஸ் சில்லைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு என்றால் பெரும்பாலும் வலது பக்கப் பார்வைத்துண்டில் அதற்கென்று ஒரு வளையம் இருக்கும். ஆனால் மைனஸ் ரொம்பக் கூடியவர்களுக்குத் தூரத்தில் ஃபோகஸ் வராமலும் போகும். என்னைப் போல சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாத குறைக்குப் போடுவது) உள்ளவர்களுக்கு எந்தச் சில்லைத் திருப்பினாலும் அது சரியாகாது. அதைத் திருத்துவது மூக்குக்கண்ணாடி மட்டும்தான். தவிர, காட்டுக்குள் நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றி, பைனாகுலரைத் தூக்கி, பார்த்து முடித்து, மறுபடி கண்ணாடியைப் போடுவதற்குள் குருவி பறந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன், தோட்டப் பாடசாலை ஒன்றின் சுற்றாடல் முன்னோடி மாணவர்களுக்கு நலன்விரும்பிகள் சிலர் ஒரு பெட்டி பைனாகுலர் கொடுத்தார்கள். நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். எல்லாம் கைக்கடக்கமானவை, பெரிய எண் போட்டவை. பிள்ளைகளை நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே கால்வாய் ஓரத்துப் புதரடியில் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், வெள்ளைப் புருவம் கொண்ட கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் வந்து நிற்கும். வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து பார்க்கிற பறவைகள். மற்றப் பிள்ளைகள் "தெரியுது, தெரியுது" என்று குதித்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை மட்டும் பைனாகுலரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு நடுவில ஒரு பொட்டு மாதிரித்தான் சேர் தெரியுது. என் கண்ணு அவ்வளவுதான் போல" என்று சொல்லி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்கிறது. அவளுடைய கண்ணாடி சரியான கண்ணாடி. கரும்பலகையில் கடைசி வரிசையிலிருந்து எல்லாவற்றையும் வாசிப்பவள். பக்கத்தில் நின்ற சுற்றுலா வழிகாட்டி ஒருவர் தன்னுடைய 8×42 ஐ எடுத்து, வளையத்தைக் கீழே திருகிவிட்டு, அவள் கையில் கொடுத்தார். கண்ணாடியோடேயே அதை வைத்தவள், அந்தப் பூங்குருவி இலைகளைப் புரட்டிப் புழு எடுப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே நின்றாள். திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை அவளுக்கு.

கடையில் எப்படிப் பரிசோதிப்பது? உங்கள் கண்ணாடியோடு போங்கள். கண் வளையத்தை முழுவதும் கீழே இறக்குங்கள். பழைய மாதிரியில் அது மடிக்கிற ரப்பர், புதியவற்றில் திருகுகிற வளையம். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளிக்கு ஏற்ப நடுக் கீலை மடித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரிசெய்யுங்கள். இப்போது காட்சியைச் சுற்றி ஒரு கூர்மையான கறுப்பு விளிம்பு முழு வட்டமாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதுமான தூரம் இருக்கிறது. விளிம்பே தெரியாமல் மங்கலாக முடிந்தால் அது உங்களுக்கானது இல்லை. வளையத்தின் விளிம்பு உலோகமாகவோ கடினமான பிளாஸ்டிக்காகவோ இருந்தால் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழும், மெல்லிய ரப்பராவது இருக்க வேண்டும். பைஃபோகல் போட்டவர்கள் முகத்தைச் சற்றுத் தாழ்த்தி மேல்பகுதியால் பார்க்க வேண்டும். கண்ணாடி போடாதவர்கள் வளையத்தை மேலே உயர்த்தியே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கண் மிகக் கிட்டப் போய் கறுப்பு நிழல்கள் ஆடும். அதைப் பார்த்துவிட்டு பைனாகுலர் பழுது என்று நினைப்பவர்களும் உண்டு.

அப்புறம், கடை வாசலில் நின்று எதிர்க்கட்டடத்தின் கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். ஒரு கம்பி இரண்டாகத் தெரிந்தால், அல்லது கொஞ்ச நேரத்திலேயே கண்ணை இழுக்கிற மாதிரி இருந்தால், இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லை என்று அர்த்தம். தலைவலிதான் மிஞ்சும். 10 இலிருந்து 30 வரை கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்லும் சூம் பைனாகுலர்களில் இந்தக் குறை அதிகம். பார்வைப் புலமும் ஒடுங்கியிருக்கும். நான் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

இதையெல்லாம் செய்ய விடாத கடைகளும் இருக்கின்றன. நகரத்துக் கடை ஒன்றில், "பெட்டியைப் பிரித்தால் எடுத்தாக வேண்டும்" என்று எனக்கே சொன்னார்கள். வெளியே வந்துவிட்டேன். செருப்பைக்கூட போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? 2022 இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான்கள் விற்கிற விலைக்கு, ஒரு நல்ல பைனாகுலர் என்பது சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. போட்டுப் பார்க்க விடாதவரிடம் வாங்கத் தேவையில்லை.

சரி, எத்தனை மடங்கு? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். கையில் பிடித்துப் பார்ப்பதென்றால் 10 இற்கு மேல் போக வேண்டாம். உருப்பெருக்கம் காட்சியைப் பெருக்குவது போலவே கை நடுக்கத்தையும் பெருக்கும். 12 இல் பறவையின் கண் தெரிய வேண்டிய இடத்தில் பறவையே ஆடும். பூங்காவிலும் காட்டுக்குள்ளும் பறவை பார்ப்பவர்களுக்கும், பிள்ளைகளுக்கும், கை நடுங்கும் வயதானவர்களுக்கும் 8×42 தான் நல்லது. ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளியில் தூரத்து மரைக் கூட்டத்தையும், மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் கரடிக் குரங்கையும் பார்க்க 10×42 வசதி. மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் உட்கார்ந்து 2,243 மீற்றர் உயரத்தில் இருக்கும் சிவனொளிபாதத்தின் படிகளையும் இரவில் அந்த விளக்கு வரிசையையும் பார்க்க, அல்லது ஹப்புத்தளை லிப்டன் சீற்றில் நின்று தெற்குச் சமவெளியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 12, 15 என்று போகலாம். ஆனால் முக்காலியோடு. பெரிய பைனாகுலர்களில் நடுக் கீலின் முன்பக்கம் ஒரு சிறிய மூடி இருக்கும், அதைக் கழற்றினால் முக்காலி மாட்டும் திருகாணித் துளை தெரியும். முக்காலி இல்லாதவர்கள் மதில்மேல் முழங்கையை ஊன்றினாலும் பாதி ஆட்டம் அடங்கும்.

கையில் பிடித்தே அதிக மடங்கு வேண்டும் என்பவர்களுக்கு ஆட்டத்தைத் தானே அடக்கும் பைனாகுலர்கள் இருக்கின்றன. கெனன் கம்பனியின் 12×36 ஐஎஸ், 15×50 ஐஎஸ் அந்த வகை. பட்டனை அழுத்தியதும் காட்சி அப்படியே நின்றுவிடும். பற்றரியில் வேலை செய்பவை. விலை மிக அதிகம். அவற்றிலும் ஐ ரிலீஃப் 12×36 இல் 14.5, 15×50 இல் 15 மி.மீ. தான். எனவே கண்ணாடிக்காரர்கள் அத்தனை பணத்தைக் கொடுப்பதற்கு முன் கட்டாயம் கண்ணில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மலையகத்தில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்ததா? எங்கள் பனியில், குளிர்ந்த பைனாகுலரை வீட்டுக்குள் அடுப்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் உள்வில்லையில் நீர் படியும். அடைக்காததாக இருந்தால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதங்களில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு துடைத்தும் போகாது. அடைத்ததோ அடைக்காததோ, தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்குப் பனிக்காலத்தில் கண்ணாடியும் பைனாகுலரும் சேர்ந்தே மங்கும் என்பதால் மெல்லிய துணி ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

பறவையும் மலையும் பார்க்க மட்டும்தானா இது என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆஸ்பத்திரிக்குப் போகும் தொழிலாளர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வாசிக்கிறோம். என் அண்ணன் மகன் ஒரு தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். அவனுக்கு நான் கொடுத்த 10×42 ஐ, கொழுந்து பறிக்க ஆட்களை இறக்குவதற்கு முன், மலை ஓரத்து உயர்ந்த மரங்களையும் பாறை இடுக்குகளையும் பாதையில் நின்றே ஒரு சுற்றுப் பார்க்கத்தான் முதலில் பயன்படுத்துகிறான். கூடு தெரிந்தால் அந்தப் பக்கம் ஆளை விடுவதில்லை. அவனும் கண்ணாடி போட்டவன். காட்சியின் ஓரம் வரை தெரிந்தால்தான் ஒரு மலையை வேகமாகத் தடவிப் பார்க்க முடியும், நடுப்பொட்டு மட்டும் தெரிந்தால் கூடு தவறிப்போகும். ஒவ்வொரு டிவிசனுக்கும் இப்படி ஒன்று கொடுப்பது தோட்ட நிர்வாகங்களுக்குப் பெரிய செலவாகாது. தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறுத்தை தெரிந்தது என்று சத்தம் கேட்டதும் கிட்டப் போய்ப் பார்க்க ஓடுகிற இளைஞர்களையும், கையில் இப்படி ஒன்று இருந்தால் தூரத்திலேயே நிறுத்தி வைக்கலாம்.

கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. மாதிரிக்கு ஒரு பைனாகுலரையாவது பிரித்து வையுங்கள். விலைச் சீட்டில் ஐ ரிலீஃப் எத்தனை மி.மீ. என்பதையும் எழுதுங்கள், அந்த விவரம் உள்ளே இருக்கும் தாளில் இருக்கிறது. பாடசாலைகளுக்குக் கொடுக்க நினைக்கும் பழைய மாணவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து உதவும் உறவுகளுக்கும் சொல்வது: பெரிய எண் போட்ட பத்துக்குப் பதிலாக, 17 மி.மீ. ஐ ரிலீஃப் உள்ள 8×42 மூன்று கொடுங்கள், பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். எதை வாங்குவது என்று தெரியாவிட்டால், அந்தப் பாடசாலையில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளையையும் ஆசிரியர் ஒருவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைக்கு முழு வட்டமும் தெரிகிறதை வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
நோர்வூட்.